நிறைய குட்டி போட்ட நாயும் அதன் குட்டிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று நான்கு குட்டி என்றால் பெரும்பாலும் தாய் நாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வேளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, தொந்தரவு செய்யாமல் இருந்தாலே போதும். ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று போகும்போது நிலைமை வேறு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் எல்லாம் கொழுகொழுவென்று நெளிந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவில் ஒரு குட்டி மட்டும் பால் கிடைக்காமல் மெலிந்துகொண்டிருப்பது கண்ணில் படாது. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி, குட்டிகளைக் கூட்டமாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பது எப்படி என்பது பற்றியே.

எத்தனை குட்டி இருந்தால் 'நிறைய' என்று எடுத்துக்கொள்வது?

இனத்தைப் பொறுத்தது. சின்ன இன நாய் ஆறு குட்டி போட்டாலே அதன் உடம்புக்கு அது அதிகம். பெரிய இனங்களில் எட்டு, பத்து என்பது சாதாரணம். 2004இல் இங்கிலாந்தில் ஒரு நியோபாலிடன் மாஸ்டிஃப் நாய் ஒரே ஈற்றில் 24 குட்டிகள் போட்டு உலக சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது.

நடைமுறையில் எண்ண வேண்டியது காம்புகளைத்தான். பெரும்பாலான நாய்களுக்கு 8 முதல் 10 காம்புகள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே அளவு பால் வராது. பின்னங்கால் பக்கம் உள்ளவற்றில் பால் அதிகம், முன்பக்கம் உள்ளவற்றில் குறைவு. ஆக, குட்டிகளும் காம்புகளும் சமமாக இருந்தால்கூட ஏதோ ஒரு குட்டி முன்காம்பிலேயே தொங்கிக்கொண்டு அரைவயிற்றோடு இருக்க வாய்ப்புண்டு. குட்டிகளின் எண்ணிக்கை பால் நன்றாக வரும் காம்புகளை நெருங்கும்போதே உங்கள் உதவி தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் எதை விட்டுவிடவே கூடாது?

சீம்பாலை. தாயின் நோய் எதிர்ப்பு சக்தி குட்டிக்குப் பெரும்பாலும் கருப்பையில் வந்து சேர்வதில்லை. பிறந்தபின் குடிக்கும் சீம்பாலில்தான் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் தன்மை குட்டியின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். பிறகு வேகமாகக் குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் கடைசியாகப் பிறந்த குட்டி உட்பட ஒவ்வொன்றும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வாய்வைத்து நன்றாகக் குடித்ததா என்று நீங்களே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பெரிய குட்டிகளைச் சற்று நேரம் கதகதப்பான ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, சின்னதுகளைப் பின்காம்புகளில் பிடித்து விடுங்கள்.

குட்டிகள் எல்லாம் உலர்ந்து, கதகதப்பாக இருக்க வேண்டும். தொப்புள்கொடி முனையில் டிங்சர் அயோடின் தொட்டு வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் அது காய்ந்து விழுந்துவிடும். ஒவ்வொரு குட்டியின் வாயையும் திறந்து மேலண்ணம் பிளவில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளவு இருந்தால் பால் மூக்கு வழியாக வரும். அந்தக் குட்டியைப் பற்றி அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரித்து அறிவது, எடையை எத்தனை தடவை பார்ப்பது?

வெவ்வேறு நிறத்தில் மெல்லிய ரிப்பன் அல்லது குட்டிகளுக்கென்றே விற்கும் அடையாளப் பட்டைகள் கட்டலாம். உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். குட்டிகள் வளரும் வேகத்துக்கு நேற்று தளர்வாக இருந்த பட்டை இரண்டு நாளில் இறுகிவிடும், எனவே தினமும் தொட்டுப் பாருங்கள். மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தால் முதுகு முடியைச் சிறிது கத்தரித்து இடம் மாற்றி மாற்றி அடையாளம் வைக்கலாம்.

அப்புறம் எடை. கிராம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதல் வாரம் காலை, மாலை இரண்டு வேளையும், அதன்பின் மூன்று வாரம் முடியும்வரை தினம் ஒரு வேளையும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் 24 மணி நேரத்தில் லேசாக எடை குறையலாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. இரண்டாம் நாளிலிருந்து எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நாளுக்குப் பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் ஏறி, 7 முதல் 10 நாளில் இரண்டு மடங்கை நெருங்கினால் குட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஒரு நாள் முழுக்க எடை ஏறாத குட்டிக்கு அன்றே உதவி தொடங்க வேண்டும். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்கு மெலிவு தெரிவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும். இவ்வளவு குட்டிகள் இருக்கும் வீட்டில் நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே குட்டிகளின் உயிரை அதிகம் காப்பாற்றுவது இந்தத் தராசுதான்.

குட்டிகளுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

பலரும் பாலைப் பற்றி கவலைப்படுகிறார்கள், சூட்டை மறந்துவிடுகிறார்கள். ஆனால் சூடு போனால் பால் கொடுத்தும் பயனில்லை. பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் சில நாட்களுக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கக்கூட முடியாது. தாயிடமிருந்தும் கூடப் பிறந்தவற்றிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் சூடு கிடைக்க வேண்டும்.

குட்டிகள் படுக்கும் இடம் முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரத்தில் 26 முதல் 29 இருந்தால் நல்லது. நான்காம் வாரத்துக்குள் மெல்ல 21 முதல் 24 வரை இறக்கலாம். பெட்டிக்குள் குட்டிகளின் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். சுவரில் மாட்டியது தரையின் சூட்டைச் சொல்லாது. விளக்கோ ஹீட்டிங் பேடோ வைப்பதாக இருந்தால் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி தவழ்ந்து மறுபக்கம் போக வழி வேண்டும். தாய்க்கும் அந்தச் சூடு தாங்காது. மூச்சிரைத்துக்கொண்டு வெளியே போய்ப் படுத்துவிட்டால் குட்டிகளுக்குப் பாலும் போயிற்று. பேடின் மேல் கெட்டியாகத் துணி விரிக்காமல் குட்டியைப் படுக்க வைத்தால் தோல் வெந்துவிடும்.

குட்டிகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒன்றை ஒன்று ஒட்டி, ஆனால் நெருக்கியடிக்காமல் தூங்கினால் சரியான சூடு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். தள்ளித் தள்ளிப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

ஒரு குட்டி தொட்டால் சில்லென்று இருக்கிறது. உடனே பால் கொடுக்கலாமா?

கூடாது. முதலில் சூடேற்றுங்கள். முதல் வாரத்தில் குட்டியின் ஆசனவாய் வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருக்கும். அது 34, 35க்குக் கீழே இறங்கினால் குடல் இயங்குவது நின்றுபோகும், உறிஞ்சும் சக்தியும் போய்விடும். அந்த நிலையில் ஊற்றும் பால் வயிற்றிலேயே கெட்டுப்போகும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும்.

குட்டியை உங்கள் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வது நல்ல வழி. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்து மெதுவாகத்தான் சூடேற வேண்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரைக் கிட்டத்தில் பிடிப்பது எல்லாம் ஆபத்து. சூடேறி, விரலை வாயில் வைத்தால் சப்பத் தொடங்கியபின் ஈறில் ஒரு சொட்டு குளுக்கோஸ் கரைசலைத் தடவி, அப்புறம் பால் கொடுங்கள். சூடேறியும் துவண்டே கிடந்தால் மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எல்லாக் குட்டிகளுக்கும் தாய்ப்பால் கிடைக்க முறை வைத்து விடலாமா?

கட்டாயம் செய்யுங்கள். குட்டிகளை எடை வாரியாக இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு குழு என்று மாற்றி மாற்றித் தாயிடம் விடலாம். காத்திருக்கும் குழு அதே சூட்டில், தாய் பார்க்கும் தூரத்தில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். பெரியதையும் சின்னதையும் ஒரே குழுவில் போட்டால் முறை வைத்ததன் பயன் போய்விடும். பெரியது சின்னதைத் தள்ளிவிட்டுக் குடிக்கும்.

சில தாய்களுக்குக் குட்டிகளைப் பிரிப்பதே தாங்காது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, படுக்கவே மாட்டேன் என்று நிற்கும். அப்படிப்பட்ட தாயிடம் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்துவிட்டு, ஒவ்வொரு வேளையும் சின்னதுகளுக்கு மட்டும் முதலில் கால் மணி நேரம் தனியாகப் பின்காம்பைக் கொடுங்கள். நான் இந்த இரண்டாவது முறையைத்தான் முதலில் முயலச் சொல்வேன். தாய் நிம்மதியாக இருந்தால் பாலும் நன்றாக இறங்கும்.

தாய்ப்பால் போதவில்லை. புட்டிப்பால் எப்படிக் கொடுப்பது?

நாய்க்குட்டிகளுக்கென்றே தயாரித்த பால் பவுடரை வாங்கி, டப்பாவில் சொன்ன அளவில் தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று கூடுதல் பவுடர் போட்டால் வயிற்றுப்போக்குதான் வரும். கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் உடம்புச் சூட்டில், அதாவது 37, 38 டிகிரியில் இருக்க வேண்டும்.

தாயை அறவே நம்பாமல் புட்டியிலேயே வளரும் குட்டிக்கு, முதல் வாரங்களில் 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கலோரி தேவை. கரைத்த பால் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி தரும். குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்குச் சுமார் 4 மில்லிதான் கொள்ளும். அதாவது 300 கிராம் குட்டி என்றால் வேளைக்கு 12 மில்லி வீதம் நாளுக்கு ஐந்து முதல் ஏழு வேளை. முதல் வாரத்தில் இன்னும் சின்ன அளவாக இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுப்பது பாதுகாப்பு. தாயிடமும் குடிக்கும் குட்டிக்கு இவ்வளவு வேண்டாம். எடை எவ்வளவு பின்தங்குகிறதோ அதற்கேற்ப நாளுக்கு இரண்டு மூன்று வேளை கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

அளவைவிடக் கவனிக்க வேண்டியது குட்டியைப் பிடிக்கும் விதம். கைக்குழந்தையை மல்லாத்தி வைத்துப் புகட்டுவதுபோல் நாய்க்குட்டிக்குப் புகட்டவே கூடாது. வயிறு தரையில் படும்படி குப்புறப் படுக்க வைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, அது தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படியே குடிக்க விடுங்கள். மல்லாத்தினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். இப்படி இறக்கும் குட்டிகள் நிறைய. புட்டியைக் கவிழ்த்தால் ரப்பரிலிருந்து பால் மெதுவாகச் சொட்ட வேண்டும். ஒழுகினால் துளை பெரிது. பாட்டிலை அமுக்காதீர்கள், குட்டி தானாக உறிஞ்சட்டும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். உறிஞ்சவே முடியாத குட்டிக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் பால் செலுத்தும் முறை உண்டு. அதை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் புட்டியை நன்றாகக் கழுவி வெந்நீரில் போட்டு எடுங்கள். மீந்த பாலை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

பசும்பால் கொடுத்தால் என்ன?

நாய்ப்பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் பாதிக்கும் குறைவு, பால் சர்க்கரையோ அதிகம். குட்டி வயிறு நிறையக் குடித்தும் எடை ஏறாது, கழிச்சலும் வரும். தண்ணீர் சேர்த்தால் இன்னும் மோசம்.

தாய் நக்கிவிடாத குட்டிகள் சிறுநீர் போகவில்லை. ஏன்?

ஏறக்குறைய மூன்று வாரம்வரை குட்டிகளால் தானாகப் போக முடியாது. தாய் நக்கித் தூண்டிவிட்டால்தான் வரும். புட்டியில் வளரும் குட்டிக்கு, ஒவ்வொரு வேளையும் பால் கொடுத்தபின் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழ்ப்பகுதியிலும் ஆசனவாயிலும் மெதுவாகத் தடவிவிடுங்கள். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் குட்டிக்கு நீர்ச்சத்து போதவில்லை.

எந்தக் குட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டும்: கத்துவதையா, சத்தமில்லாமல் கிடப்பதையா?

இரண்டையும். பால் குடித்தும் கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் முனகும் குட்டிக்கு ஏதோ வலி, குளிர் அல்லது பசி இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, மற்றவற்றை விட்டுத் தனியாக ஒரு மூலையில் அசையாமல் கிடப்பது. நன்றாக இருக்கும் குட்டி தூக்கத்தில் அடிக்கடி துடிக்கும், வெட்டி வெட்டி அசையும்; அது வளர்ச்சியின் அறிகுறி. அந்த அசைவே இல்லாமல் துவண்டு, தூக்கினால் உடம்பு தொங்கினால் காத்திருக்காதீர்கள். பிறந்த குட்டிகளின் நிலை மணிக்கணக்கில் மாறும்.

முதல் மூன்று வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் இறந்தால் கிருமித் தொற்றோ நாய்களுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸோ காரணமாக இருக்கலாம். அந்த வைரஸ் குறைந்த உடல் வெப்பத்தில்தான் நன்றாகப் பெருகும். சூட்டை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இறந்த குட்டியைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவர் கேட்டால் மனம் வலிக்கும்தான். ஆனாலும் சம்மதியுங்கள். மீதமுள்ளவற்றைக் காப்பாற்ற அந்த விடை தேவை.

தாய்க்கு என்ன, எவ்வளவு கொடுப்பது?

பால் உச்சத்துக்கு வரும் மூன்றாம், நான்காம் வாரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும். பத்துக் குட்டி குடித்தால் அது நான்கு மடங்கைக்கூடத் தொடும். வழக்கமான உணவையே அவ்வளவு கொடுத்தால் அதன் வயிறு கொள்ளாது. அதனால் சத்து அடர்ந்த உணவு வேண்டும். நல்ல தரமான, வளரும் குட்டிகளுக்கான உணவையே தாய்க்குக் கொடுப்பது எளிய வழி. பாலூட்டும் நாய்க்கும் அது பொருந்தும் என்று பையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்கலாம், அல்லது எப்போதும் தட்டில் இருக்கும்படி விட்டுவிடலாம். இந்தச் சில வாரங்களில் தாய் அதிகம் தின்கிறதே என்று கவலைப்படத் தேவையே இல்லை.

வீட்டில் சமைத்த உணவை மட்டுமே கொடுப்பவர்கள் கால்சியம், பாஸ்பரஸ் அளவு பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு.

தண்ணீர் பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஆனால் குட்டி தவறி விழ முடியாத உயரத்தில் இருக்க வேண்டும். முதல் நாட்களில் சில தாய்கள் குட்டிகளை விட்டு எழுந்துவரவே மாட்டா. தட்டைப் பெட்டிக்குள் நீட்டித்தான் ஊட்ட வேண்டியிருக்கும். விலா எலும்புகள் துருத்தத் தொடங்கினால் புட்டிப்பாலைக் கூட்டி, தாயின் சுமையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பால் நிறையக் கொடுப்பதால் கால்சியம் மாத்திரை கொடுக்கட்டுமா?

நீங்களாகக் கொடுக்க வேண்டாம், அதுவும் கர்ப்பமாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்வது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. கர்ப்ப காலம் முழுக்க மாத்திரையாகக் கால்சியம் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி மந்தமாகிவிடும். குட்டி போட்டபின் பாலுக்குத் திடீரென்று நிறையத் தேவைப்படும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. பாதுகாப்புக்கென்று கொடுத்த மாத்திரையே வலிப்புக்கு வழி வைத்துவிடும்.

அந்த வலிப்பு என்பது என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்லாம்சியா என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குவதால் வருவது. பெரும்பாலும் குட்டி போட்ட இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள் வரும். சின்ன உடம்பும் நிறைய குட்டிகளும் சேர்ந்த நாய்களுக்கு வாய்ப்பு அதிகம். முதலில் ஒரு பதற்றம் தெரியும். காரணமில்லாமல் மூச்சிரைக்கும், முனகும், குட்டிகளைக் கவனிக்காமல் அலையும், முகத்தைச் சொறியும். பிறகு கால்கள் விறைத்து நடை தடுமாறும், தசைகள் துடிக்கும், காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டும். அதற்கடுத்து வலிப்பு. கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும்.

நடை விறைப்பாகத் தெரிந்தவுடனேயே குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்துவிட்டு, நள்ளிரவானாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கால்சியத்தை மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றுவார். பெரும்பாலான நாய்கள் விரைவிலேயே தெளிந்துவிடும். துடித்துக்கொண்டிருக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அதன்பின் குறைந்தது ஒரு நாளாவது குட்டிகளுக்குப் புட்டிப்பால்தான். மூன்று வாரம் தாண்டிய குட்டிகள் என்றால் அப்படியே தாய்ப்பாலை நிறுத்திவிடச் சொல்லலாம். ஒருமுறை வந்த நாய்க்கு அடுத்த ஈற்றிலும் வரலாம்.

மடி ஒரு பக்கம் கல்போல் இருக்கிறது. பால் கட்டியதா, மடிநோயா?

பால் கட்டியிருந்தால் மடி இறுகியிருக்கும், ஆனால் தாய் சுறுசுறுப்பாக இருக்கும், நன்றாகச் சாப்பிடும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி, ஒரு வலுவான குட்டியை அந்தக் காம்பில் விட்டால் சரியாகிவிடும். மடிநோய் என்றால் அந்த இடம் சிவந்து சுடும், தொட்டால் நாய் சீறும், பால் கெட்டியாகவோ சீழ் நிறத்திலோ இரத்தம் கலந்தோ வரும். காய்ச்சலும் சோர்வும் இருக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவை, பாலூட்டும் நாய்க்குப் பொருந்தும் மருந்தை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். மற்றக் காம்புகளில் குட்டிகளை விடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். தோல் ஊதா அல்லது கறுப்பாக மாறினால் அன்றைக்கே போக வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது; பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

தினம் ஒருமுறை ஒவ்வொரு காம்பையும் விரலால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். குட்டிகளின் நகம் ஊசிபோல் கூர்மை. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் வெட்டிவிட்டால் மடியில் கீறல் விழாது. மடிநோய்க்குப் பல சமயம் அந்தக் கீறல்தான் தொடக்கம்.

தாய்க்கு இன்னும் கசிவு இருக்கிறது. இயல்பா?

இயல்புதான். முதல் ஓரிரு நாள் கரும்பச்சையாகவும் பிறகு செம்பழுப்பாகவும் வந்து, மெல்லக் குறைந்து சில வாரங்களில் நின்றுவிடும். நாற்றமெடுத்தாலோ, சீழாக வந்தாலோ, புது இரத்தம் நிறையப் போனாலோ, தாய் சாப்பிடாமல் காய்ச்சலோடு படுத்தாலோ கருப்பையில் தொற்று இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

தாய் குட்டிகள்மேல் படுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். பெரிய நாய், நிறைய குட்டி, போதாத இடம் என்றால் இது நடக்கும். தாய் கைகால் நீட்டிப் படுக்கும் அளவு பெட்டி வேண்டும். உள்பக்கம் நான்கு சுவரிலும், தரையிலிருந்து சற்று உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி அல்லது பலகை அடித்துவிடுங்கள். தாய் சுவரோடு சாய்ந்தாலும் அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிய குட்டி நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி உதவும். தொளதொளவென்று சுருளும் போர்வைகளை எடுத்துவிட்டு, வழுக்காத, இழுத்து விரித்த துணியைப் போடுங்கள். முதல் சில இரவுகள் யாராவது ஒருவர் பக்கத்திலேயே படுப்பது நல்லது.

தாய் குட்டிகளை விட்டு விலகிப்போகிறது, சில சமயம் உறுமுகிறது. என்ன செய்வது?

முதலில் அதன் காய்ச்சலையும் மடியையும் பாருங்கள். வலியிருக்கும் தாய் குட்டிகளை ஒதுக்கும். வலி இல்லையென்றால் கூட்டமும் சத்தமும் காரணமா என்று யோசியுங்கள். முதல் ஈற்று, அறுவை சிகிச்சைப் பிரசவம் இரண்டிலும் ஆரம்பத்தில் இப்படி இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து தடவிக்கொடுத்தபடி குட்டிகளைக் காம்பில் விட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பழகிவிடும். குட்டியைக் கடிக்க வந்தால் தாயைக் குட்டிகளோடு தனியே விட்டுவைக்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு விலகிப்போவது வேறு விஷயம்: பல் முளைத்த குட்டிகள் கடிக்கின்றன, தாய்க்கு ஓய்வு வேண்டும். குட்டிகள் ஏற முடியாத ஓர் இடத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

பூச்சி மருந்து எப்போது?

இரண்டு வாரத்தில் தொடங்குங்கள். நாய்களின் உருளைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் போய்விடுகிறது, பாலிலும் போகிறது. எனவே சுத்தமான வீட்டுக் குட்டிக்கும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம்வரை, ஒவ்வொரு குட்டியின் அன்றைய எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். இந்தப் புழு மனிதர்களுக்கும், முக்கியமாகச் சிறுபிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால் பெட்டியின் கழிவை அன்றாடம் அகற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரிய நாய்களுக்கான உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தைப் பிஞ்சுக் குட்டிகளுக்குப் போடக் கூடாது. சீப்பால் வாரி எடுப்பதே பாதுகாப்பு.

எப்போது திட உணவுக்கு மாற்றுவது?

கண் இரண்டாம் வாரவாக்கில் திறக்கும், மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும், பல்லும் எட்டிப் பார்க்கும். குறைந்த குட்டிகள் என்றால் நான்கு வாரம்வரை பொறுக்கலாம். நிறைய இருக்கும்போது மூன்றாம் வாரம் முடிந்ததுமே தொடங்கினால் தாய்க்குப் பெரிய நிம்மதி. குட்டிகளுக்கான உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்து, தட்டையான தட்டில் வையுங்கள். ஒரே தட்டு வேண்டாம், மூன்று நான்கு தட்டுகளாகப் பரப்பி வையுங்கள். இல்லையென்றால் மறுபடியும் சின்னது பின்னால்தான் நிற்கும். முதல் நாட்களில் கூழில் புரண்டு எழும், பாதி உடம்பில்தான் இருக்கும், துடைத்து உலர்த்திவிடுங்கள். மெல்லத் தண்ணீரைக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முழுக்கத் திட உணவுக்குக் கொண்டுவரலாம். எடை பார்ப்பதை இந்த மாற்றம் முடியும்வரை விடாதீர்கள்.

குட்டிகளை எப்போது கொடுக்கலாம்?

எட்டு வாரத்துக்கு முன் வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். கடித்தால் எதிரிக்கு வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. இந்த வாரங்களில் ஒவ்வொரு குட்டியையும் தினமும் தனியாக எடுத்து, பாதம், காது, வாயைத் தொட்டுப் பழக்குங்கள். பத்துக் குட்டியில் தானாக ஓடிவரும் நாலைந்தைத்தான் எல்லோரும் கொஞ்சுவார்கள். ஒதுங்கி நிற்பதைத் தேடி எடுங்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடரும். எந்த ஊசி போட்டாயிற்று, பூச்சி மருந்து என்று கொடுத்தது என்று குட்டிக்கு ஒரு தாள் எழுதி, புது வீட்டாரிடம் கொடுத்தனுப்புங்கள்.

குட்டிகள் போனபின் தாய்க்கு என்ன செய்ய வேண்டும்?

பால் வற்றவேண்டும் என்பதால் கடைசி வாரத்திலிருந்தே சாப்பாட்டைப் பழைய அளவுக்கு மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மடி சில நாள் கனத்திருக்கும். பீய்ச்ச வேண்டாம், பீய்ச்சினால் மேலும் சுரக்கும். சிவந்து சுட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டி போட்ட சில மாதங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டலாம்; நல்ல சாப்பாட்டில் திரும்ப வளர்ந்துவிடும். இனிக் குட்டி வேண்டாம் என்றால், பால் முழுக்க வற்றி மடி சுருங்கியபின் கருத்தடை அறுவைக்கு நாள் குறிக்கலாம். அதுவரை பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று கவனித்து, ஆண் நாய்களிடமிருந்து தள்ளியே வையுங்கள்.